எட்டு மாசம் என்றால் எத்தனை வாரம்?

வழக்கம்போல நீளமான பதிவுதான். இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் எனக்குத் தெரிந்து 11 பேர் இன்று மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார்கள். சிலர் திருச்சியில், சிலர் சென்னையில், ஒருத்தி கோவையில். பெரும்பாலும் பெண்பிள்ளைகள். விலங்கியல், நுண்ணுயிரியல், நர்சிங், பிசியோதெரபி என்று படித்துவிட்டு, சி.பி.சி. என்ற அமெரிக்கத் தேர்வையும் எழுதித் தேறி இந்த வேலைக்கு வந்தவர்கள். நம் ஆட்கள் மத்தியில் இந்த வேலைக்கு இருக்கும் மரியாதை என்ன? "ஏதோ கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிற வேலையாம்." ஒரு கல்யாணப் பேச்சில் என் காதுபடவே இப்படிச் சொன்னார்கள். சொன்னவர் என் உறவினர்தான், இதையும் படிப்பார். படிக்கட்டும்.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நான்கு வருடமாகக் குறைமாதக் குழந்தைகளின் சார்ட்டுகளை மட்டும் பார்க்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, "நீ என்னதான் செய்யறே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள். எந்தக் குழந்தையின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர்கள் வேலையின் முதல் விதி. அதை அவள் எனக்காகக்கூடத் தளர்த்தவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தை ஒன்று நாள் ஆவதற்கு முன்பே பிறக்கிறது. டாக்டர், நர்ஸ் எழுதிய குறிப்புகள் எல்லாம் கணினி வழியாக இங்கே வருகின்றன. இவள் அவற்றை வரிவரியாகப் படிக்கிறாள். என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை ஒவ்வொன்றாகக் குறியீடாக மாற்றுகிறாள். அந்தக் குறியீட்டை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐ.சி.டி.-10 என்ற நோய் வரிசைதான் அடிப்படை. அமெரிக்கர்கள் அதை இன்னும் விரித்து, 2015 அக்டோபரிலிருந்து பயன்படுத்துகிறார்கள்.

அந்த வரிசையில் பி07 என்பது சீக்கிரம் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு உரியது. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். பிறந்த எடை 1250 கிராமிலிருந்து 1499 வரை என்றால் பி07.15. 1500-லிருந்து 1749 வரை பி07.16. அடுத்து வாரக் கணக்கு. 28 வாரம் முடிந்து பிறந்திருந்தால் பி07.31, 29 முடிந்திருந்தால் பி07.32, இப்படியே வாரத்துக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போய் 36 வாரத்துக்கு பி07.39. 28-க்கும் கீழே என்றால் தனி வரிசை. எடை, வாரம் இரண்டும் தெரிந்தால் இரண்டையும் போட வேண்டும். எடை முதலில், வாரம் அடுத்து.

"ஒண்ணு போதாதா? எடை குறைஞ்சா சீக்கிரம் பிறந்ததுன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

"இல்ல டீச்சர். 1800 கிராம்ல ரெண்டு குழந்தை இருக்குன்னு வைங்க. ஒண்ணு 32 வாரத்துல பிறந்தது. அந்த வாரத்துக்கு அந்த எடை சரிதான். இன்னொண்ணு 37 வாரம் முடிஞ்சு பிறந்தது. அது வயித்துக்குள்ளேயே சரியா வளரலை. முதல் குழந்தைக்கு நுரையீரலைக் கவனிக்கணும், ரெண்டாவதுக்கு ஏன் வளரலைன்னு தேடணும். தராசு ரெண்டுக்கும் ஒரே நம்பரைத்தான் காட்டும்."

வாரக் கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டேன். கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ணுவது ஒரு வழி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் அதைவிடத் துல்லியம். இரண்டும் கையில் இல்லாவிட்டால், பிறந்த குழந்தையின் தோல், காது மடலின் விறைப்பு, உள்ளங்காலில் விழுந்திருக்கும் ரேகை இவற்றையெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டு டாக்டர்கள் வாரத்தைக் கணிப்பார்களாம். பாலார்டு மதிப்பெண் என்று அதற்குப் பெயர். உள்ளங்காலில் ரேகை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதிலிருந்து அது எத்தனை வாரக் குழந்தை என்று சொல்லும் கலை! எத்தனையோ பிள்ளைகளுக்கு வயது போட்டுச் சேர்த்த எனக்கே வியப்பாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சார்ட்டில் எல்லா அறிகுறியும் இருக்கும். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது, எக்ஸ்-ரே எடுத்திருக்கிறார்கள், குழாய் வழியாக சர்ஃபாக்டன்ட் என்ற நுரையீரல் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். நுரையீரல் முதிராததால் வரும் ஆர்.டி.எஸ். என்ற நோய்தான் இது என்று நான்கு வருட அனுபவத்தில் இவளுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் "மூச்சுத் திணறல்" என்று மட்டும் எழுதியிருந்தால், இவள் அந்த நோயின் குறியீட்டைப் போடக் கூடாது. அதேபோல, டாக்டர் குறைமாதம் என்று எழுதாதபோது இவளாக வாரத்தைப் பார்த்துக் குறைமாதம் என்று முடிவு செய்யவும் கூடாது. டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியிலும் ஒரு கட்டுப்பாடு: "இது ஆர்.டி.எஸ். தானே?" என்று விடையை வாயில் ஊட்டக் கூடாது. இந்த ஒரு சொல்லை வைத்து ஆஸ்பத்திரிக்கு வரும் பணம் பெரிய அளவில் மாறும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. விடையைச் சொல்லிக் கொடுக்காமல் கேள்வி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று வாய்மொழித் தேர்வு நடத்திய எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். இவர்கள் அதைத் தினம் செய்கிறார்கள், 95 சதவீதத்துக்குமேல் சரியாக இருக்க வேண்டும் என்ற கணக்கோடு. டைப் அடிக்கிற வேலையாம்!

அவள் சொன்னதில் ஒன்று ராத்திரி முழுக்க என் மனதில் நின்றது. இந்த பி07 குறியீடு குழந்தைக்கு மட்டும் உரியதில்லை. குறைமாதத்தில் பிறந்ததன் பாதிப்பு இன்னும் உடம்பில் இருந்தால், வளர்ந்த பிள்ளைக்கும், ஏன், பெரியவருக்கும்கூடப் போடலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. ஆக, ஒருவர் எத்தனை கிராமில், எத்தனை வாரத்தில் பிறந்தார் என்பது அவர் வளர்ந்த பிறகும் தேவைப்படலாம் என்று அந்தக் கணக்குப் புத்தகம் நினைக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் வீடுகளில் இதற்கு இருக்கும் சொல் "எட்டு மாசத்துப் புள்ள". இதில் எத்தனை குழப்பம் இருக்கிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று நாம் சொல்வது 28 நாள் மாதக் கணக்கு. பத்து பெருக்கல் 28, 280 நாள், சரியாக 40 வாரம். ஆனால் காலண்டர் மாதத்தை எண்ணிச் சொல்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். போதாததற்கு, "எட்டு மாசம்" என்றால் எட்டு முடிந்ததா, எட்டு நடக்கிறதா என்பது வீட்டுக்கு வீடு வேறு. பள்ளியில் சேர்க்கும்போது "அஞ்சு வயசு" என்று சொல்லும் அப்பாவிடம் "முடிஞ்சுதா, நடக்குதா?" என்று கேட்பது என் முப்பது வருட வழக்கம். இங்கேயும் அதே கதைதான். 28 நாள் மாதத்தில் எட்டு ஆரம்பம் என்றால் 28 வாரம். காலண்டர் மாதத்தில் எட்டு முடிவு என்றால் ஏறக்குறைய 35 வாரம். அந்தப் பிள்ளைகள் எட்டு வெவ்வேறு குறியீடு போடும் குழந்தைகளை நாம் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

28 வாரத்துக் குழந்தைக்கும் 35 வாரத்துக் குழந்தைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். (ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது என்று எங்கள் அப்பாயி சொல்லும். அது சுத்தத் தப்பு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.)

சொல்லில்தான் குழப்பம், ஆஸ்பத்திரிப் பேப்பரில் தெளிவாக இருக்குமே என்று நினைப்பீர்கள். என் தங்கை பேரனின் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே குழந்தையை நன்றாகத்தான் பார்த்தார்கள், குழந்தை இன்று ஓடி விளையாடுகிறது. நான் சொல்ல வருவது பேப்பரைப் பற்றி மட்டும்.

குழந்தை ஒரு ஊரில் பிறந்து, மூன்றாம் நாள் பெரிய ஊருக்கு மாற்றப்பட்டான். இரண்டு வாரத்துக்குமேல் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இரண்டாவது ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "ப்ரீடெர்ம்" என்று ஒரு சொல். பக்கத்தில் எடை 1.42 கிலோ. வாரம் எங்கேயும் இல்லை. அந்த எடையைத்தான் எல்லோரும் பிறந்த எடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதல் ஆஸ்பத்திரியின் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் பிறந்த எடை 1.56. பிறந்த முதல் சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும் இல்லையா, 1.42 என்பது இறங்கிய பிறகு, அங்கே சேர்த்த அன்று எடுத்த எடை. அந்த முதல் சீட்டில் வாரம் "32–33" என்று இருந்தது. 32-ஆ 33-ஆ?

என் மாணவியிடம் போனில் கேட்டேன். அவள் முதலில் கேட்டது, "முதல் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா டீச்சர்?" தங்கை மகள் பீரோவிலிருந்து எடுத்தாள். 11 வாரத்தில் எடுத்த ஸ்கேன். அதில் போட்டிருந்த பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பிறந்த அன்று 31 வாரம் 4 நாள். மூன்று பேப்பரில் மூன்று விதம். அவள் அடுத்துக் கேட்டது, "குழந்தைக்குக் கண் டெஸ்ட் ஆச்சா?"

ஆகவில்லை. அப்போது குழந்தைக்கு 24 நாள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பார்வையையே பறித்துவிடும். ஆர்.ஓ.பி. என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் வைத்துக் காப்பாற்றலாம். அந்த நேரம் சில வாரங்கள்தான். நம் நாட்டில் இப்போதைய வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. அதற்குமேல் பிறந்தவர்களிலும் சிக்கல் இருந்த குழந்தைகளைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கவனியுங்கள், இந்தக் கோடு கிழிக்கப்பட்டிருப்பது இரண்டு எண்களின் மேல். வாரம், கிராம். "எட்டு மாசம்" என்ற சொல் இந்த 34-க்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. "ப்ரீடெர்ம்" என்ற சொல்லும் அப்படித்தான், 37 வாரம் முடியாத எல்லாக் குழந்தையும் அதற்குள் வரும்.

தங்கை பேரனுக்கு 27-ஆம் நாள் கண் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகும் இரண்டு தடவை வரச் சொன்னார்கள், போனார்கள்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 1996 ஆகஸ்டில் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29-ஆவது வாரம், 1250 கிராம். சுமார் 25 நாள் இன்குபேட்டரில் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். வீட்டுக்கும் அனுப்பினார்கள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு ஆர்.ஓ.பி.யால் பார்வை போய்விட்டது. தகப்பனார் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று தீர்ப்புச் சொல்லி, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துவைத்துப் பேசுகிறார்கள். பெற்றோரை எச்சரிக்கும் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை என்று குறிப்பிடுகிறார்கள். அப்போது அந்தக் குழந்தைக்கு வயது 18 முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது.

1250 கிராம். என் மாணவி இன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பி07.15 என்று போட்டுவிட்டு, வாரம் என்ன, 29-ஆவது என்றால் 28 முடிந்ததா 29 முடிந்ததா என்று கேட்டிருப்பாள்.

குறியீடு போட்டிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று யாராவது கேட்பீர்கள். குறியீடு கண்ணைக் காப்பாற்றாது, டாக்டர்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் இத்தனை கிராம், இத்தனை வாரம் என்று அம்மா கையில் இருக்கும் பேப்பரில் தெளிவாக இருந்தால், அடுத்து அதைப் பார்க்கும் யாராவது ஒருவர், தடுப்பூசி போடும் நர்ஸம்மாவோ, பக்கத்து ஊர் டாக்டரோ, சொந்தத்தில் படித்த ஒரு பிள்ளையோ, "கண் பார்த்தாச்சா?" என்று கேட்பதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. "ப்ரீடெர்ம்" என்ற ஒரு சொல்லைப் பார்த்து அதைக் கேட்கத் தோன்றாது.

அரசு இந்த விவரத்தைக் கேட்கவே இல்லையா என்றால், கேட்கிறது! பிறப்பைப் பதிவு செய்யும் படிவம் 1 இருக்கிறதே, அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று சட்டத் தகவல்: பெயர், தேதி, பெற்றோர், இடம். மற்றொன்று புள்ளிவிவரத் தகவல்: அம்மாவின் வயது, படிப்பு, பிரசவம் எப்படி நடந்தது என்று போகும். அதில் குழந்தையின் எடையும் கர்ப்பத்தின் வாரமும் உண்டு. முதல் பகுதியிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வருகிறது. இரண்டாவது பகுதி புள்ளிவிவரத்துக்குப் போய்விடுகிறது. அதாவது, ஊரில் எத்தனை குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன என்று அரசாங்கம் அறிந்துகொள்ள அந்த எண் பயன்படுகிறது. அந்தக் குழந்தைக்கு அது திரும்பி வருவதில்லை. புள்ளிவிவரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் திட்டம் போட முடியாது. கொடுத்தவருக்கும் ஒரு நகல் கொடுங்கள் என்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் இதன் விளைவை நான் வருடா வருடம் பார்த்தேன். ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. செப்டம்பர் கடைசியில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை ஜூலை கடைசியில் பிறந்துவிட்டால், தன் கூடப் பிறந்திருக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு ஒரு வருடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும். பென்சில் பிடிக்கக் கை வராது, ஓரிடத்தில் உட்காராது, கரும்பலகையைச் சாய்ந்து சாய்ந்து பார்க்கும். நாம் "மந்தம்" என்று எழுதிவிடுவோம். அம்மாவை அழைத்துப் பேசினால், ரொம்ப நேரம் கழித்து, "எட்டு மாசத்துல பொறந்தான் டீச்சர், பெட்டியில வெச்சிருந்தாங்க" என்று வரும். பேப்பர்? வெள்ளத்தில் போனது, வீடு மாறும்போது போனது, ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள். எத்தனை வாரம், எத்தனை கிராம் என்று தெரிந்தால் நான் வைத்தியம் பார்த்துவிடப் போவதில்லை. ஆனால் கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட்டு வாருங்கள், பிறகு பாடத்தைப் பற்றிப் பேசுவோம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கும். குறைமாதத்தில் பிறந்த பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே படிப்பார்கள். சிலருக்குப் பார்வையிலோ கவனத்திலோ கற்பதிலோ சிரமம் வருகிறது, எவ்வளவு சீக்கிரம் பிறந்தார்களோ அவ்வளவுக்கு அந்த வாய்ப்பு கூடுகிறது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று வாரத்தை அறியாமல் யோசிக்கவே முடியாது.

இதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது ஒரு எதிர்ப்பு வந்தது. அது நியாயமானது. "பொம்பளப் பிள்ளை குறைமாசத்துல பொறந்ததுன்னு பேப்பர்ல நிரந்தரமா எழுதி வெச்சா நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் ஆகாதா?" என்றார்கள். ஆகும். நம் ஊரைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் பிறப்புச் சான்றிதழில் இது வேண்டாம் என்பது என் கருத்து. அது பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், வேலை என்று பத்து மேசைக்குப் போகும் காகிதம். அங்கே இதற்கு வேலை இல்லை. இருக்க வேண்டிய இடம் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியும் தாய் சேய் நல அட்டையும். அவை பெற்றோர் கையில் இருப்பவை, யாரிடம் காட்டுவது என்பது அவர்கள் முடிவு.

இன்னொன்று, "குறைப்பிரசவம்" என்ற சொல்லைவிட "31 வாரம் 4 நாள்" என்பது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். குறைந்தது நாள்தான். ஆனால் அந்தக் "குறை" காலம் முழுக்கக் குழந்தையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. எண்ணில் அந்தக் கறை இல்லை.

டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இருக்கும் வேலைப் பளுவில் இதையெல்லாம் எழுத நேரம் ஏது என்பார்கள். அரசு ஆஸ்பத்திரிப் பச்சிளம் குழந்தைகள் வார்டை நான் பார்த்திருக்கிறேன், அங்கே வேலை செய்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். நான் கேட்பது பத்துப் பக்கம் இல்லை. பிறந்த எடை கிராமில், முடிந்த வாரமும் நாளும், அது ஸ்கேனை வைத்துச் சொன்னதா தேதியை வைத்துச் சொன்னதா, கண்ணும் காதும் எப்போது பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வரி. நன்றாக எழுதிக் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளும் நம் ஊரில் இருக்கின்றன, அந்தப் பேப்பர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே முடியாத காரியம் இல்லை.

அமெரிக்காவில் ஏன் இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறார்கள்? பாசத்தினால் இல்லை, எழுதாவிட்டால் பணம் வராது. அந்த முறையை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். பணத்துக்காக எழுதும்போது, பணம் வரும் நோயைப் பெரிதாக எழுதும் ஆசையும் கூடவே வரும். அதைத் தடுக்கத்தான் என் மாணவி விடையை ஊட்டாமல் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் என் மனசு ஒரு இடத்தில் இடிக்கிறது. எங்கோ இருக்கும் ஒரு குழந்தையின் வாரத்தைத் திருச்சியில் உட்கார்ந்து நம் பெண் ஒருத்தி கண் வலிக்கச் சரிபார்க்கிறாள். அவள் பிறந்த தெருவில் பிறக்கும் குழந்தைக்கு "எட்டு மாசம்" போதும் என்று விட்டிருக்கிறோம்.

ஆகவே மெடிக்கல் கோடிங்கில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது சொந்தத்தில், தெருவில், ஒரு வயதுக்குள் குறைமாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போய் அந்த ஃபைலை வாங்கிப் படியுங்கள். வைத்தியம் சொல்லாதீர்கள், பயமுறுத்தாதீர்கள். பிறந்த எடை எது, சேர்த்த எடை எது, வாரம் என்ன, கண் பரிசோதனை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேள்வி எழுதுவதில் உங்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை.

கர்ப்பமாக இருக்கும் என் பெண்பிள்ளைகளுக்கு: அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ஒரு படம், உங்கள் அம்மா போனில் ஒரு படம். குழந்தையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினால், முதல் இடத்தின் சீட்டைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். அந்த அவசரத்தில் உங்களுக்குத் தோன்றாது, அதனால் இப்போதே கூட வருபவரிடம் சொல்லி வையுங்கள். கூட வருவது மாமியாராக இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் விட மாட்டார்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். குறைமாதக் குழந்தை தவழ்வதை, உட்காருவதை, பேசுவதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். இரண்டு வயது வரைக்கும் பிரசவத் தேதியிலிருந்து எண்ணும் திருத்திய வயதைத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். எட்டு வாரம் முன்னால் பிறந்திருந்தால் எட்டு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பொதுவாக அது பிறந்த தேதிப்படிதான். உடம்பு தேறட்டும் என்று நீங்களாகத் தள்ளிப்போடாமல் டாக்டரிடமோ நர்ஸம்மாவிடமோ கேளுங்கள். தங்கை பேரனுக்கு அப்படி ஒரு ஊசி தள்ளிப்போக இருந்தது, நல்லவேளை, கிராம சுகாதார செவிலியர் அட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார்.